ரிச் மல்லின்ஸ் ஆல்பங்கள்: 'ஆசம் காட்' எல்லாருக்கும் தெரியும், மற்றவை?

தெற்குவாசல் எழுதியது:

நம் ஊர் வாலிபர் கூட்டங்களிலும் ஆங்கில ஆராதனைகளிலும் 'ஆசம் காட்' பல்லவியைப் பாடாதவர்கள் குறைவு. யார் பாட்டு என்று கேட்டால் மைக்கேல் டபிள்யூ. ஸ்மித் என்று சொல்பவர்கள் உண்டு. அவரும் 2001-ல் வந்த தன் ஆராதனை ஆல்பத்தில் பாடியிருப்பதால் வரும் குழப்பம் அது. எழுதியவரும் முதலில் பாடியவரும் அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகர் ரிச் மல்லின்ஸ். 1988-ல் வந்த 'விண்ட்ஸ் ஆஃப் ஹெவன், ஸ்டஃப் ஆஃப் எர்த்' ஆல்பத்தில் இருக்கிறது.

அந்த ஒரு பல்லவியோடு அவரை விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம். இந்தியானா மாநிலத்து ரிச்மண்டில் 1955-ல் பிறந்தவர். 1997 செப்டம்பர் 19 அன்று இல்லினாய் நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் இறந்தபோது வயது 41. முதல் தனி ஆல்பம் 1986. கணக்குப் பார்த்தால் பதினோரு வருஷ வேலை, அவ்வளவுதான். அந்த ஆல்பங்களை வந்த வரிசையில் கேட்டால் ஒருவர் தன் குரலைத் தேடித் தேடிக் கண்டுபிடிப்பது காதிலேயே விழும். சிந்தசைசரில் ஆரம்பித்து, கிட்டார், டல்சிமர், பியானோ என்று இறங்கி, கடைசியில் ஒரு சாதாரண கேசட் ரெக்கார்டர் முன்னால் வந்து நிற்கிறார்.

என் கட்சி இது: அவருடைய உச்சம் 1993-ல் வந்த 'எ லிட்டர்ஜி, எ லெகஸி அண்ட் எ ராகமஃபின் பேண்ட்'. புதிதாகக் கேட்பவர் அதில்தான் தொடங்க வேண்டும், அதுவும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மூச்சில். நடுவில் ஒரு பாட்டை மட்டும் பிடுங்கிக் கேட்டால் அந்த ஆல்பம் என்ன செய்கிறது என்பது தெரியாமலே போய்விடும். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எழுதுங்கள்.

பாடகர்குழு_மதுரை எழுதியது:

அண்ணா, 'ஆசம் காட்' பாட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கிறீர்கள் போலத் தோன்றுகிறது. நான் பாடகர் குழு நடத்துகிறவன். கிட்டார் பிடிக்கத் தெரிந்த ஒரு பையன், பாடத் தெரியாத நாற்பது பேர், அவ்வளவு இருந்தால் போதும், அந்தப் பல்லவி எழுந்து நிற்கும். சபையைப் பாட வைக்கிற பாட்டு எழுதுவது சின்ன விஷயமில்லை.

தெற்குவாசல் எழுதியது:

பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை பிரதர். ஆனால் மல்லின்ஸே ஒரு பேட்டியில் அது தான் எழுதியவற்றில் மோசமாகக் கட்டப்பட்ட பாட்டுகளில் ஒன்று என்று சொல்லியிருக்கிறார். அப்படி இருந்தும் ஜனங்கள் அதை எடுத்துக்கொண்டதில் அவருக்குச் சந்தோஷம்தான்.

இன்னொன்று கவனித்தீர்களா? நாம் பாடுவது பல்லவியை மட்டும். சரணங்களில் இடி, மின்னல், ஏதேனிலிருந்து துரத்தப்பட்டவர்கள், சோதோமின் மேல் விழுந்த நியாயத்தீர்ப்பு எல்லாம் வருகின்றன. மூல ஒலிப்பதிவில் அவற்றை ஏறக்குறைய பேசுகிற மாதிரி, ஒரு தெருப் பிரசங்கியார் தோரணையில் சொல்கிறார். சபைகள் அந்தப் பகுதியை மெதுவாக உதிர்த்துவிட்டன. அந்தக் கரடுமுரடு இல்லாத பல்லவி ரொம்ப வழவழப்பாகிவிடுகிறது என்பது என் எண்ணம். ஆல்பத்தில் அதைக் கேட்டுவிட்டு, அதே ஆல்பத்தில் இருக்கும் 'இஃப் ஐ ஸ்டாண்ட்' கேளுங்கள். பயமுறுத்துகிற கடவுளைப் பாடிய அதே ஆள், நின்றால் உம் வாக்கின்மேல் நிற்கிறேன், விழுந்தால் உம் கிருபையின்மேல் விழுகிறேன் என்கிற பொருளில் பாடுகிறார். இரண்டும் சேர்ந்தால்தான் மனிதர் முழுசாகத் தெரிகிறார்.

புதுக்கேள்வி எழுதியது:

இந்த இழையைப் பார்த்துவிட்டு 1986 முதல் ஆல்பத்தைப் போட்டேன். முழுக்க எண்பதுகளின் கீபோர்டு சத்தம். இவரை எப்படி நாட்டுப்புற இசைக்காரர், அக்கூஸ்டிக் பாடகர் என்று சொல்கிறீர்கள்? தப்பான ஆல்பத்தைக் கேட்கிறேனா?

பழையகேசட் எழுதியது:

சரியான ஆல்பத்தைத்தான் கேட்கிறீர்கள் தம்பி. அந்தக் கீபோர்டு சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது.

மல்லின்ஸ் நாஷ்வில் நகரத்து இசைத்தொழில் ஆட்களுக்கு முதலில் தெரிய வந்தது பாடகராக இல்லை, பாட்டு எழுதுகிறவராக. சின்சினாட்டி பைபிள் கல்லூரியில் படித்தவர். ஸயன் என்ற குழுவோடு 1981-ல் 'பிஹோல்ட் தி மேன்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். அதற்கடுத்த வருஷம் கிறிஸ்தவப் பாடகி ஏமி கிரான்ட் தன் 'ஏஜ் டு ஏஜ்' ஆல்பத்தில் இவருடைய 'ஸிங் யுவர் பிரெய்ஸ் டு தி லார்ட்' பாட்டைப் பாடினார். ஜெர்மன் இசைமேதை பாக் எழுதிய சி மைனர் ஃபியூக் ஒன்றின் துண்டோடு ஆரம்பிக்குமே, அந்தப் பாட்டு. அந்த ஆல்பம் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ரீயூனியன் ரெக்கார்ட்ஸ் கம்பெனி இவரைப் பாட வைத்ததற்கு அதுதான் வாசல்.

1986-ல் அமெரிக்கக் கிறிஸ்தவ இசைச் சந்தைக்கு வேண்டியது என்ன? வானொலியில் ஓடக்கூடிய பாப். அந்த அளவுச் சட்டையைத்தான் முதல் இரண்டு ஆல்பங்களிலும் இவருக்கு மாட்டிவிட்டார்கள். தோள் இறுக்கமாக இருப்பது கேட்கிறவர்களுக்கே தெரிகிறது. ஆனாலும் முதல் ஆல்பத்தில் 'எலைஜா' இருக்கிறது. போவதென்றால் எலியா போன மாதிரி, அக்கினி ரதத்தில் போக வேண்டும் என்கிற பாட்டு. அவர் இறந்த பிறகு எல்லாரும் அதைத்தான் திரும்பக் கேட்டார்கள். 1987-ன் 'பிக்சர்ஸ் இன் தி ஸ்கை' ஆல்பத்தில் 'ஸ்கிரீன் டோர்' என்ற சின்னப் பாட்டைக் கேளுங்கள். கிரியையில்லாத விசுவாசம் நீர்மூழ்கிக் கப்பலுக்கு வலைக்கதவு போட்டது மாதிரி என்கிறார். மேடையில் அதை அவரும் நண்பர் பீக்கரும் பிளாஸ்டிக் கப்புகளை மேஜையில் தட்டித் தாளம் போட்டே பாடுவார்கள். வரப்போகிற ஆள் அங்கேயே எட்டிப் பார்க்கிறார்.

கம்பியும்மரமும் எழுதியது:

பழையகேசட் அண்ணன் சொன்னதோடு வாத்தியம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மல்லின்ஸைப் பற்றிப் பேசிவிட்டு ஹேமர்டு டல்சிமரைப் பற்றிப் பேசாமல் போனால் பாதி விஷயம் போய்விடும்.

சரிவகப் பெட்டி. மேலே நிறைய எஃகுக் கம்பிகள், ஒவ்வொரு சுருதிக்கும் இரண்டு மூன்று கம்பிகள் சேர்ந்து இருக்கும். இரண்டு லேசான மரச் சுத்தியலால் தட்டி வாசிக்க வேண்டும். நம்மவர்களுக்குச் சந்தூர் தெரியும், அதே குடும்பம். நடுவில் கம்பிகளைத் தாங்கும் கட்டையின் (குதிரை என்பார்கள்) இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே கம்பி ஐந்தாம் சுரம் தள்ளி ஒலிக்கும். அதனால் ச-ப உறவு கைக்கு அடியிலேயே கிடக்கிறது. கை தானாகவே திறந்த, வெட்டவெளியான கார்டுகளுக்குப் போகும். அடக்கும் கருவி இல்லாத பெட்டிகளில் தட்டிய ஒலி அணையாமல் அடுத்த ஒலியோடு கலந்துகொண்டே இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 1991-ன் 'தி வேர்ல்ட் அஸ் பெஸ்ட் அஸ் ஐ ரிமெம்பர் இட்' முதல் பாகத்தில் 'காலிங் அவுட் யுவர் நேம்' என்ற பாட்டு இருக்கிறது. டல்சிமர் வட்டமாகச் சுழன்றுகொண்டே இருக்கும், அதன்மேல் நெப்ராஸ்கா மேல் நகரும் நிலா, டக்கோட்டா குன்றுகள், காட்டுக்கோழி சடாரென்று இறக்கையடித்து எழும்புவது, மழைக்குக் காத்திருக்கும் வானம் என்று அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளி முழுவதும் வந்து நிற்கும். புல்வெளியே கடவுளின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்பதுதான் பல்லவி. அணையாத அந்த ஒலி இல்லாவிட்டால் அந்தச் சமவெளி கண்ணுக்கு வராது. ஒரு வாத்தியம் பாட்டின் நிலத்தையே வரைந்து காட்டுவதை நான் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கேட்டதில்லை.

அந்த நேரத்தில் அவர் கான்சாஸ் மாநிலத்து விசிட்டாவில் குடியிருந்தார். நாஷ்வில் ஸ்டுடியோக்களை விட்டுத் தள்ளிப் போனதும் பாட்டில் காற்று புகுந்துவிட்டது.

மழைநாள் எழுதியது:

கம்பியும்மரமும் சொன்ன அந்த ஆல்பத்துக்காகத்தான் நான் உள்ளே வருகிறேன். தெற்குவாசல், உங்கள் 'லிட்டர்ஜி' நல்ல ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் உச்சம் 'தி வேர்ல்ட்' முதல் பாகம்தான். காரணம் சொல்கிறேன்.

'லிட்டர்ஜி'யில் ஒரு திட்டம் இருக்கிறது. ஆராதனை வரிசை, அப்புறம் தேசம், வீடு என்று கட்டி எழுப்பியிருக்கிறார். முதல் பாகத்தில் திட்டமே இல்லை, ஒரு ஆள் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பது மட்டும் இருக்கிறது. 'ஜேக்கப் அண்ட் டூ விமன்' எடுத்துக்கொள்ளுங்கள். யாக்கோபு, லேயாள், ராகேல் கதை. ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொன்னது ராகேலுக்காக அவன் உழைத்தான், காதல் ஜெயித்தது என்றுதான். இவர் அந்த வீட்டுக்குள்ளே போய், நேசிக்கப்படாதவளுக்குப் பிள்ளைகள், நேசிக்கப்பட்டவளுக்கு வெறும் மடி, இரண்டு பெண்களுமே பாவம், நடுவில் நிற்கிறவனும் பாவம் என்று பார்க்கிறார். வேதத்தில் இருப்பதால் பாவமாக இருக்காது, ஆனாலும் பெரிய வஞ்சனையாகத்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். முடிவில் ஒரு பாடம் சொல்லி நம்மை ஆற்றவில்லை. கிறிஸ்தவப் பாட்டு எழுதுகிறவர்களில் இதைச் செய்யத் துணிகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

அதே ஆல்பத்தில் 'பாய் லைக் மீ / மேன் லைக் யூ'. சிறுவனாக இருந்தபோது நீர் எப்படி இருந்தீர், என்னை மாதிரி ஓடி விளையாடினீரா என்று இயேசுவையே கேட்கிறார். கேள்விகள் சின்னப் பிள்ளைத்தனமாக இருக்கின்றன, ஆனால் வார்த்தை மாம்சமானார் என்பதை இதைவிட நேராக யார் பாட முடியும்?

'ஸ்டெப் பை ஸ்டெப்' பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் குட்டிப் பல்லவியை எழுதியது பீக்கர். மல்லின்ஸ் 1992-ன் இரண்டாம் பாகத்தில் அதற்குச் சரணங்கள் எழுதி 'சம்டைம்ஸ் பை ஸ்டெப்' ஆக்கினார். ஆபிரகாம் அண்ணாந்து பார்த்த நட்சத்திரங்களில் ஒன்று எனக்காக ஏற்றப்பட்டது என்று அதில் வரும். இதுவும் நம் சபைகளில் பல்லவியாக மட்டும்தான் வந்து சேர்ந்தது.

பாடகர்குழு_மதுரை எழுதியது:

அந்தச் சரணங்கள் இருப்பது எனக்குத் தெரியாது. இன்று கேட்டேன். குழுவுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறேன்.

வேளாங்கண்ணி_வழி எழுதியது:

கத்தோலிக்கர் பக்கத்திலிருந்து ஒரு பெயரைச் சொல்லலாமா? ஜான் மைக்கேல் டால்பட். மேசன் ப்ராஃபிட் என்ற கன்ட்ரி ராக் குழுவில் இருந்தவர், பிறகு பிரான்சிஸ்கன் வழிக்குப் போனார். 1979-ல் வந்த 'தி லார்ட்ஸ் சப்பர்' திருப்பலி வார்த்தைகளுக்கே இசை அமைத்தது. கிட்டார், கோரஸ், அமைதி. வழிபாட்டு ஒழுங்கையே ஆல்பமாக ஆக்கும் வேலையை மல்லின்ஸுக்குப் பதினாலு வருஷம் முன்னாலேயே செய்துவிட்டார் என்று சொல்வேன்.

மல்லின்ஸுக்கும் அசிசியார், அதாவது புனித பிரான்சிஸ் மேல் தீராத பற்று. பீக்கரோடு சேர்ந்து 'கிட் பிரதர்ஸ் ஆஃப் செயின்ட் ஃபிராங்க்' என்று ஒரு சின்னக் கூட்டம் வைத்திருந்தார். 1997-ல் வந்த 'கேன்டிகிள் ஆஃப் தி பிளெய்ன்ஸ்' அசிசியாரின் வாழ்க்கையை அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மேற்குப் பகுதியில் வைத்துச் சொல்லும் இசை நாடகம். பெரும்பாலும் வேறு பாடகர்கள் பாடுகிறார்கள், அதனால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மிட்ச் மெக்விக்கரும் சேர்ந்து எழுதியது. எளிமையான அழகான வேலை.

தெற்குவாசல் எழுதியது:

டால்பட் பெயரைச் சொன்னதற்கு நன்றி. இரண்டு பேரையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு வித்தியாசம் தெரியும். டால்பட் மடத்துக்குள் அமர்ந்து பாடுகிறார், இரைச்சல் அடங்கிய பிறகு வரும் பாட்டு அது. மல்லின்ஸ் கோயிலுக்கு லேட்டாக ஓடி வருகிறவர். சட்டையில் தூசி இருக்கிறது. குவேக்கர் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் பின்னணியில் வளர்ந்தவர், பிறகு சுயாதீன சபைகள், கடைசிக் காலத்தில் கத்தோலிக்கத் திருப்பலிக்கும் போய்க்கொண்டிருந்தார். எந்தக் கூரைக்குள்ளும் முழுக்க அடங்கவில்லை.

இப்போது மழைநாளுக்குப் பதில். 'லிட்டர்ஜி'யில் திட்டம் இருப்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அதுதான் அதன் பலம்.

முதல் ஆறு பாட்டுகளைப் பாருங்கள். 'ஹியர் இன் அமெரிக்கா' சபை கூடுகிற பாட்டு, பரிசுத்தவான்களும் பிள்ளைகளும் கதை கேட்க வந்து உட்காருகிறார்கள். அடுத்தது '52:10', ஏசாயா வசனம், அதாவது வேதபாடம். 'தி கலர் கிரீன்' படைப்புக்கு நன்றி, அயர்லாந்தின் பச்சை. அப்புறம் 'ஹோல்ட் மீ ஜீசஸ்'. ஆராதனையில் பாவ அறிக்கை வர வேண்டிய இடத்தில் இந்தப் பாட்டு வருகிறது. வாழ்க்கை புரியாத இரவில் இலை மாதிரி நடுங்குகிறேன், பிடித்துக்கொள்ளும் என்கிறார். ஒப்புக்கொடுப்பது தனக்கு இயல்பாக வருவதில்லை, வேண்டாத ஒன்றுக்காக உம்மோடு சண்டை போடுவதே எனக்குச் சுலபம் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். அந்த மாதிரி ஒரு வரியை 1993-ன் கிறிஸ்தவ வானொலியில் கேட்டவர்கள் எப்படித் திகைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பாவ அறிக்கைக்கு நேர் பின்னால் 'கிரீட்' வருகிறது.

'கிரீட்' என்பது அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம். நாம் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிறோமே, அதேதான், ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை. டல்சிமர் தடதடவென்று ஓடும், பின்னால் தாளம் ஏறும். பல்லவியை மட்டும் சேர்த்திருக்கிறார்: இதை நான் உண்டாக்கவில்லை, இது என்னை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது என்று. ஆங்கில எழுத்தாளர் ஜி.கே. செஸ்டர்டன் சொன்ன கருத்து அது. முந்தின பாட்டில் நடுங்கிய ஆள் இப்போது தன் உணர்ச்சியை நம்பவில்லை, தனக்கு முன்னாலிருந்தே சபை சொல்லிவரும் வார்த்தைகளின்மேல் போய் நிற்கிறார். இந்த இரண்டு பாட்டும் வரிசை மாறினால் இந்த அர்த்தமே கிடையாது. ஆறாவது 'பீஸ்', திருவிருந்து.

ஏழாவது பாடல் வரிகளே இல்லாத '78 ஈட்டன்வுட் கிரீன்'. டல்சிமர் மட்டும் முன்னால் வரும். கோயில் முடிந்து வெளியே வருகிற நேரம். அதன்பிறகு 'லெகஸி', அதாவது மரபு என்கிற பாதி. 'யூ காட்டா கெட் அப்' கிறிஸ்துமஸ் காலையில் பெற்றோரை எழுப்பும் பிள்ளை. 'ஹவ் டு குரோ அப் பிக் அண்ட் ஸ்ட்ராங்' பாடகர் மார்க் ஹெர்டுடைய பாட்டு. ஹெர்டு 1992-ல் இறந்தார், அடுத்த வருஷம் மல்லின்ஸ் அதைத் தன் ஆல்பத்தில் வைத்தார். அடுத்துக் கடைசியாக 'லேண்ட் ஆஃப் மை சொஜர்ன்'. தன் தேசத்தை அவ்வளவு நேசித்துக்கொண்டே, இது நான் தங்கிப் போகிற இடம் மட்டும்தான் என்று பாடுகிறார். தேசபக்திப் பாட்டும் பரதேசியின் பாட்டும் ஒன்றாக இருப்பதை நான் அங்கேதான் கேட்டேன்.

ராகமஃபின் பேண்ட் என்ற பெயர் பிரென்னன் மேனிங் எழுதிய 'தி ராகமஃபின் காஸ்பெல்' புத்தகத்திலிருந்து வந்தது. கந்தல் உடுத்தியவர்களுக்கான கிருபை என்பது அந்தப் புத்தகத்தின் பேச்சு. ரிக் எலியாஸ், ஜிம்மி ஏபெக், மார்க் ராபர்ட்சன், ஏரன் ஸ்மித் எல்லாம் அந்தக் குழு ஆட்கள். தயாரிப்பு ரீட் ஆர்வின். மல்லின்ஸோடு அவர் போட்ட ஆல்பங்களில் இதில்தான் இசை எங்கேயும் பாட்டுக்கு முன்னால் ஓடவில்லை.

மழைநாள் எழுதியது:

'ஹோல்ட் மீ ஜீசஸ்' முடிந்து 'கிரீட்' வரும் இடம் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். ஆனால் 'லெகஸி' பாதியில் 'ஹார்ட்', 'ஐ'ல் கேரி ஆன்' இரண்டும் முதல் பாதியின் உயரத்துக்கு வரவில்லை. முதல் பாகத்தில் இப்படிச் சரிகிற இடம் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் என் கட்சியிலேயே இருக்கிறேன்.

பழையகேசட் எழுதியது:

'பிரதர்ஸ் கீப்பர்' 1995, யாருமே சொல்லவில்லையே? உச்சம் என்று வாதாட மாட்டேன். ஆனால் 'லெட் மெர்சி லீட்' ஒரு நண்பரின் கைக்குழந்தையைப் பார்த்துப் பாடியது, அதற்காகவே அந்த ஆல்பத்தை எடுத்து வைத்திருக்கிறேன். 1989-ன் 'நெவர் பிக்சர் பெர்ஃபெக்ட்' ஆல்பத்தில் 'பௌண்ட் டு கம் சம் டிரபிள்' என்று ஒரு பியானோப் பாட்டு. கஷ்டம் வரும், இயேசுவைப் பிடித்துக்கொள் என்று சொல்லி ஆறுதல் தருகிற பாட்டு. துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் அதைத்தான் போடுவேன்.

கம்பியும்மரமும் எழுதியது:

சரி, யாராவது 'தி ஜீசஸ் ரெக்கார்ட்' பற்றிப் பேசியாக வேண்டும். இரண்டு டிஸ்க். 1998 ஜூலையில் வந்தது, அவர் இறந்து பத்து மாதம் கழித்து. ஒரு டிஸ்க்கில் ராகமஃபின் பேண்டும் ஏமி கிரான்ட், மைக்கேல் டபிள்யூ. ஸ்மித், ஃபில் கேகி, ஆஷ்லி கிளீவ்லண்ட் போன்ற நண்பர்களும் பாடி முடித்தது. இன்னொன்றில் மல்லின்ஸ் விட்டுப்போன டெமோ. கைவிடப்பட்ட ஒரு பழைய கோயிலுக்குள் உட்கார்ந்து, கேசட் ரெக்கார்டரில், இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால் பதிவு செய்தது.

எந்த டிஸ்க்கை முதலில் கேட்பது? என் பதில் டெமோ. சந்தேகமே வேண்டாம். 'ஹார்ட் டு கெட்' பாட்டை அதில் கேளுங்கள். பரலோகத்தில் இருக்கும் உமக்குக் கீழே இருந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா, பயந்த இரவு ஞாபகம் இருக்கிறதா என்று இயேசுவிடம் முறையிடுகிறார். பின்னால் டேப் இரைச்சல், காலியான கட்டடத்தின் எதிரொலி. குரல் சில இடத்தில் சுருதிக்குக் கீழே போகிறது. அந்தப் பாட்டுக்கு அதுதான் பொருத்தமான அறை. ஸ்டுடியோவில் திருத்தினால் முறையீடு குறைந்துவிடும்.

வேளாங்கண்ணி_வழி எழுதியது:

இங்கே நான் மாறுபடுகிறேன். டெமோவை ஒரு புனிதப் பண்டம் மாதிரி ஆக்கிவிட்டோம். மல்லின்ஸ் அதை வெளியிடுவதற்காகப் பதிவு செய்யவில்லை. குழுவுக்குப் பாட்டைக் காட்டுவதற்காகச் செய்தது. அவர் மனதில் இருந்தது முழுக் குழுவோடு ஒரு ஆல்பம். 'மை டெலிவரர்' குழுவின் பதிப்பில்தான் முழு உயரத்துக்குப் போகிறது. யோசேப்பு மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குத் தப்பி ஓடுவதில் ஆரம்பித்து, விடுவிக்கிறவர் வருகிறார் என்று திரும்பத் திரும்ப எழும்பும் பாட்டு. அதை ஒரு ஆள் தனியாகப் பாடினால் நம்பிக்கை, ஒரு கூட்டம் பாடினால் சாட்சி. 1999-ல் அமெரிக்கக் கிறிஸ்தவ இசைக்கான டவ் விருதுகளில் வருடத்தின் சிறந்த பாடலாகவும் அதுதான் தேர்வானது.

'மேன் ஆஃப் நோ ரெப்யுடேஷன்' என்னும் பாட்டும் குழு டிஸ்க்கில்தான் இருக்கிறது. ரிக் எலியாஸ் எழுதி அவரே பாடியது. நண்பனை இழந்த ஆட்கள், அவன் எழுதி வைத்துப் போன பாட்டுகளை அழுதுகொண்டே வாசித்து முடித்திருக்கிறார்கள். அந்த டிஸ்க்கை இரண்டாந்தரம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கம்பியும்மரமும் எழுதியது:

இரண்டாந்தரம் என்று சொல்லமாட்டேன் அண்ணா. ஆனால் 'யூ டிட் நாட் ஹேவ் எ ஹோம்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நரிகளுக்குக் குழியும் பறவைகளுக்குக் கூடும் உண்டு, உமக்கு வீடே இல்லை, சொத்தில்லை, மனைவியில்லை, அதனாலேயே உலகத்தால் உம்மை வாங்க முடியவில்லை என்கிற பாட்டு. வசதியான ஸ்டுடியோவில் நல்ல நல்ல வாத்தியக்காரர்கள் சேர்ந்து அதை வாசிக்கும்போது என் மனம் ஒட்டுவதில்லை. ஆளில்லாத கோயிலில் ஒரு கிட்டாரோடு அவர் பாடுவதை நம்புகிறேன். என் காது அப்படி.

புதுக்கேள்வி எழுதியது:

அவருடைய வாழ்க்கையும் அப்படித்தானே? எங்கேயோ படித்தேன், சம்பாதித்ததை எல்லாம் கொடுத்துவிட்டாராமே. உண்மையா, இறந்த பிறகு கட்டிய கதையா?

தெற்குவாசல் எழுதியது:

உண்மைதான் தம்பி. பாட்டுகளின் வருமானம் அவர் கைக்கு வராமல் சபைப் பெரியவர்கள் மேற்பார்வையில் போகும்படி ஏற்பாடு செய்திருந்தார். ஒரு சராசரி அமெரிக்கத் தொழிலாளியின் வருட ஊதியம் எவ்வளவோ அது மட்டும் அவருக்கு. மீதி தர்மத்துக்கு. மொத்தம் எவ்வளவு வருகிறது என்று தனக்குச் சொல்லவே வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

நாடு முழுக்க அறியப்பட்ட பாடகராக இருந்தபோதே விசிட்டாவின் ஃபிரெண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, இசைக் கல்வியில் பட்டம் வாங்கினார். 1995-ல் முடித்தார். முடித்த கையோடு நியூ மெக்சிகோவில் நவாஹோ மக்களின் நிலப்பகுதிக்குப் போய், அங்கே பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்துக்கொண்டு தங்கினார். கடைசி இரண்டு வருஷமும் அங்கேதான். 'ஜீசஸ் ரெக்கார்ட்' பாட்டுகள் அந்தக் காலத்தில் வந்தவை.

இதை அவரைப் பரிசுத்தவானாக்கச் சொல்லவில்லை. கோபக்காரர், குடியோடும் தனிமையோடும் போராடியவர், அதையெல்லாம் மேடையிலேயே பேசியவர். ஆனால் வீடில்லாத இயேசுவைப் பற்றிப் பாடியவர் எந்த இடத்தில் உட்கார்ந்து பாடினார் என்பது அந்த ஆல்பத்தின் ஒலியிலேயே இருக்கிறது. கம்பியும்மரமும் டெமோவை ஏன் நம்புகிறார் என்பது எனக்குப் புரிகிறது. நானும் டெமோ பக்கம்தான்.

பாடகர்குழு_மதுரை எழுதியது:

ஒரு நடைமுறைக் கேள்வி. 'கிரீட்' பாட்டைக் குழுவோடு செய்ய ஆசை. டல்சிமர் கிடையாது. என்ன செய்யலாம்?

கம்பியும்மரமும் எழுதியது:

இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார் எடுங்கள். ஒன்றில் கேப்போ (கம்பிகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி) போட்டு மேல் ஸ்தாயியில் ஒரே ஆர்பெஜியோவை, அதாவது கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவதை, விடாமல் சுழற்றச் சொல்லுங்கள், கார்டு மாறினாலும் மேல் இரண்டு கம்பிகள் திறந்தே ஒலிக்கட்டும். இன்னொன்று கீழே தாளம். சந்தூர் வாசிக்கிறவர் யாராவது கிடைத்தால் இன்னும் நல்லது. கீபோர்டில் டல்சிமர் டோன் வைக்காதீர்கள், ஒலி சீக்கிரம் அறுந்துபோகும். அப்புறம், பிரமாணத்தின் வார்த்தைகளைச் சபையே சொல்லட்டும், பல்லவிக்கு மட்டும் குழு பாடட்டும்.

புதுக்கேள்வி எழுதியது:

'லிட்டர்ஜி' முழுசாகக் கேட்டேன், சொன்ன மாதிரி நடுவில் நிறுத்தாமல். பிறகு 'தி வேர்ல்ட்' முதல் பாகமும். தெற்குவாசல் அண்ணா கோபிக்க வேண்டாம், என் ஓட்டு மழைநாளுக்கு. 'ஜேக்கப் அண்ட் டூ விமன்' பாட்டில் லேயாளைப் பற்றி வரும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேசிக்கப்படாத ஒருத்தியின் பக்கம் நின்று யாரும் எனக்கு இந்தக் கதையைச் சொன்னதில்லை.

மழைநாள் எழுதியது:

வாங்க தம்பி! அதே ஆல்பத்தில் 'தி ஹௌலிங்' விட்டுவிடாதீர்கள்.

தெற்குவாசல் எழுதியது:

இதில் கோபிக்க என்ன இருக்கிறது. இரண்டு ஆல்பத்தையும் முழுசாகக் கேட்டுவிட்டீர்கள், எனக்கு அதுவே போதும். அடுத்து 'ஜீசஸ் ரெக்கார்ட்' டெமோ டிஸ்க் போடுங்கள். கேட்டுவிட்டு வேளாங்கண்ணி_வழி சொன்ன 'மை டெலிவரர்' குழுப் பதிப்பையும் கேட்டு, எது என்று இங்கேயே எழுதுங்கள்.